ஐஸ் மெஷின் கம்ப்ரஸர் ஓடவில்லையா? மின் பழுதைப் படிப்படியாகப் பிடிப்பது எப்படி

ஐஸ் மெஷின் நின்றுவிட்டால் முதல் பழி கம்ப்ரஸர் மேல்தான் விழும். மெஷினிலேயே விலை கூடிய பாகம் அது. மாற்றவும் நேரம் பிடிக்கும். ஆனாலும் "கம்ப்ரஸர் போயிருச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம். வாரண்டியில் கழற்றித் திருப்பி அனுப்பப்படும் கம்ப்ரஸர்களில் நல்ல நிலையில் உள்ளவையும் கணிசமாக இருக்கும் என்பது இந்தத் தொழிலில் பழைய செய்தி. கழற்றியவர் பார்க்காமல் விட்டது ஒரு கெப்பாசிட்டராகவோ ரிலேவாகவோ ஒயர் நுனியில் கருகிய ஒரு லக்காகவோ இருக்கும். அதனால் இங்கே சொல்லும் வரிசையில் கம்ப்ரஸர் கடைசியில்தான் வருகிறது. வெளியில் இருப்பதையெல்லாம் சோதித்துக் கழித்த பிறகு மிஞ்சினால் மட்டும் அதன் மேல் கை வையுங்கள்.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை. கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், 20 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, மின்சாரம் தாங்கும் கையுறை. மெக்கர் (இன்சுலேஷனை அதிக வோல்டேஜில் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெரும்பாலான வேலை நடக்கும்.

கை வைக்கும் முன்

மெஷினின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். வோல்டேஜ், ஒரு பேஸா மூன்று பேஸா, கம்ப்ரஸரின் ஆர்.எல்.ஏ., எல்.ஆர்.ஏ., என்ன கேஸ் என்று ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.எல்.ஏ. என்பது ஓடும்போதுள்ள ஆம்பியருக்கான அளவுகோல். எல்.ஆர்.ஏ. என்பது ரோட்டர் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் இழுக்கும் ஆம்பியர், ஆர்.எல்.ஏ.வைப் போல் பல மடங்கு இருக்கும். இந்த இரண்டு எண்களும் தெரியாமல் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

கேஸ் ஆர்-290 என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது புரோபேன், தீப்பிடிக்கும். முதலில் கசிவு டிடெக்டர் வைத்துப் பாருங்கள், காற்றோட்டம் உண்டாக்குங்கள், மின்சாரம் இருக்கும்போது எந்த ஒயரையும் பிடுங்காதீர்கள். அந்த மெஷின்களில் ரிலேவும் ஓவர்லோடும் (சூடோ ஆம்பியரோ மீறினால் சர்க்யூட்டைத் திறந்துவிடும் பாதுகாப்பு) தீப்பொறி வெளியே வராத வகையாக இருக்கும். மாற்றும்போது நிறுவனம் அந்த மாடலுக்குச் சொல்லியிருக்கும் பாகத்தையே போட வேண்டும். "அளவு ஒன்றுதானே" என்று கையில் கிடைத்ததை மாட்டக் கூடாது.

எந்த கேஸ் ஆனாலும் ஒரு விதி உண்டு. கம்ப்ரஸர் டெர்மினல் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுக்காதீர்கள். உள்ளே ஷார்ட் ஆன கம்ப்ரஸரில் டெர்மினல் முள் பிய்த்துக்கொண்டு வெளியே பறக்கலாம். கூடவே எண்ணெயும் கேஸும் பீறிட்டு வந்து பற்றிக்கொள்ளும். மின்சாரத்தோடு எடுக்க வேண்டிய அளவுகளை காண்டாக்டரில் (கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காயில் ஸ்விட்ச்) எடுங்கள். கம்ப்ரஸர் முள்ளில் மீட்டர் வைப்பது மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, வோல்டேஜ் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகுதான்.

கெப்பாசிட்டரையும் மறக்க வேண்டாம். மெஷின் அணைந்த பிறகும் அது அடி கொடுக்கும். அந்த 20 கிலோ ஓம் ரெசிஸ்டரை இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே பத்து இருபது விநாடி பிடித்து, அப்புறம் டி.சி. வோல்ட்டில் மீட்டர் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது பார்க்க வீரமாக இருக்கும். கெப்பாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

முதல் படி: ஓடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறதா?

ஐஸ் மெஷின் கம்ப்ரஸர் தானாக முடிவெடுத்து ஓடுவதில்லை. கன்ட்ரோல் போர்டு சொன்னால் ஓடும், சொல்லாவிட்டால் நிற்கும். ஐஸ் பெட்டி நிரம்பியிருந்தால் நிற்கும். ஐஸ் தட்டின் முன்னால் தொங்கும் தண்ணீர்த் திரை சரியாக மூடாமல் அதன் ஸ்விட்ச் திறந்தே இருந்தால் நிற்கும். யாராவது சுத்தம் செய்யும் நிலையில் ஸ்விட்சை விட்டுப் போயிருந்தாலும் நிற்கும். ஹை பிரஷர் கட்-அவுட் விழுந்திருக்கலாம். உறைய வைக்கும் நேரமோ ஐஸ் உதிரும் நேரமோ அடுத்தடுத்து எல்லை மீறியதால் போர்டே மெஷினைப் பூட்டியிருக்கலாம். இதில் எதுவும் கம்ப்ரஸர் பழுது ஆகாது.

எனவே மெயினை அணைத்துப் போடும் முன் போர்டில் எந்த விளக்கு எரிகிறது, எத்தனை முறை மின்னுகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில போர்டுகள் மின்சாரம் போனால் பழுதுக் குறியை மறந்துவிடும். வந்தவுடன் அணைத்துப் போட்டு மெஷின் ஓடிவிட்டால், எதனால் நின்றது என்பதே தெரியாமல் போய்விடும். மறுபடி நின்றால் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும்.

போர்டில் கோளாறு எதுவும் இல்லை, மெஷின் ஐஸ் செய்ய வேண்டிய நிலையில்தான் இருக்கிறது என்றால் காண்டாக்டரைப் பாருங்கள். காயிலுக்கு உரிய வோல்டேஜ் வருகிறதா? அது 24 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று காயிலிலேயே எழுதியிருக்கும். வரவில்லை என்றால் தேட வேண்டியது போர்டு பக்கம். வந்தும் காண்டாக்டர் இழுக்கவில்லை என்றால் காயில் கட் ஆகியிருக்கும் அல்லது உள்ளே ஏதோ சிக்கியிருக்கும். காண்டாக்டர் முனைகளுக்கு நடுவே எறும்புக் கூட்டம் நசுங்கிக் கிடப்பது அபூர்வக் காட்சி இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கை: பல மெஷின்களில் ஸ்விட்ச் போட்டதும் கம்ப்ரஸர் உடனே ஓடாது. தண்ணீரை வெளியேற்றி, ஹாட் கேஸ் வால்வை (ஐஸ் உதிரச் சூடான கேஸைத் தட்டுக்கு விடும் வால்வு) திறந்து அழுத்தத்தைச் சமப்படுத்திய பிறகுதான் ஓடும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் "ஓடவில்லை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

இரண்டாம் படி: எப்படி நிற்கிறது?

காண்டாக்டர் இழுக்கிறது என்று தெரிந்ததும், கம்ப்ரஸரின் காமன் ஒயரில் (ரன், ஸ்டார்ட் என்ற இரண்டு வைண்டிங்குக்கும் பொதுவான ஒயர்) கிளாம்ப் மீட்டரைப் போடுங்கள். ஒரே ஒயரைச் சுற்றித்தான் போட வேண்டும். போகிற ஒயரையும் வருகிற ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். மின்சாரத்தைக் கொடுத்து முதல் பதினைந்து விநாடி எண்ணையும் சத்தத்தையும் கவனியுங்கள். பழுது எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

சத்தமும் இல்லை, ஆம்பியரும் இல்லை என்றால் சர்க்யூட் எங்கோ திறந்திருக்கிறது. ஓவர்லோடு விழுந்திருக்கலாம், ஒயர் கருகியிருக்கலாம், மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங் கட் ஆகியிருக்கலாம்.

"ம்ம்ம்" என்று உறுமி, எல்.ஆர்.ஏ. அளவுக்கு ஆம்பியர் ஏறி, சில விநாடியில் டக்கென்று ஓவர்லோடு விழுந்தால் மோட்டார் சுற்ற முயன்று தோற்கிறது. குறைந்த வோல்டேஜ், ஸ்டார்ட் கெப்பாசிட்டர், ரிலே, சமமாகாத அழுத்தம், இதெல்லாம் இல்லாவிட்டால் உள்ளே இறுகிய கம்ப்ரஸர். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

கிளம்பி ஓடி, சில நிமிடமோ அரை மணியோ கழித்து நின்றால் அது வேறு கதை, கீழே தனியாகச் சொல்கிறேன்.

எம்சிபி போட்ட மாத்திரத்தில் விழுந்தால் ஷார்ட் அல்லது எர்த் பழுது. அப்போது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் உள்ளே வைண்டிங் இன்னும் கொஞ்சம் எரிந்து, அந்தக் கரி கேஸ் குழாய் முழுக்கப் பரவும். மெயினை அணைத்து, கம்ப்ரஸரின் மூன்று ஒயரையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றி, மூடியை மூடிவிட்டு ஒரே ஒரு முறை போடுங்கள். அப்போதும் விழுந்தால் கம்ப்ரஸர் தப்பித்தது. தண்ணீர்ப் பம்ப், ஃபேன் மோட்டார், வால்வு காயில் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மெஷின் இது. கசிந்த தண்ணீர் உப்புப் படிவை விட்டுப் போன கனெக்டர்களை முதலில் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் படி: வோல்டேஜை ஓட்டத்தில் அளப்பது

புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மெஷின் நின்றிருக்கும்போது மீட்டர் வைப்பார்கள், 230 காட்டும், "சப்ளை ஓகே" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். கருகிப்போன ஒரு இணைப்பின் வழியாகவும் 230 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. கம்ப்ரஸர் இழுக்கும்போதுதான் அந்த இணைப்பின் லட்சணம் தெரியும்.

ஆகவே காண்டாக்டரின் வரும் பக்கத்தில் மீட்டரை வைத்துக்கொண்டே கம்ப்ரஸரைக் கிளப்புங்கள். கிளம்பும் நொடியிலும் வோல்டேஜ் பெயர்ப்பலகை எண்ணிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. 230 வோல்ட் மெஷின் என்றால் 207க்குக் கீழே போகக் கூடாது. போனால் ஒயர் மெல்லியது, நீளம் அதிகம், ஒரே லைனில் வேறு பெரிய சுமை இருக்கிறது, அல்லது நடுவில் எங்கோ லூஸ். சாதாரண மல்டிமீட்டர் அந்தக் கண நேர இறக்கத்தைத் தவறவிடலாம் என்பதால் மிகக் குறைந்த அளவைப் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, கம்ப்ரஸர் ஓடும்போது காண்டாக்டரின் ஒரே போலில் மேலும் கீழும் மீட்டர் முனைகளை வையுங்கள். முனைகள் நன்றாக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 5 வோல்ட் காட்டுகிறது, கம்ப்ரஸர் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சின்ன முனையில் 50 வாட் சூடு உட்கார்ந்திருக்கிறது. அணைத்துவிட்டுக் கவர் கழற்றிப் பார்த்தால் முனை குழி விழுந்து கறுத்திருக்கும், அருகில் ஒயரின் பிளாஸ்டிக் பழுப்பேறி விறைத்திருக்கும். லக்கை லேசாக அசைத்தாலே உறை பொடிந்து உதிரும். காண்டாக்டரை மாற்றும்போது அந்த ஒயர் நுனியையும் நல்ல செம்பு வரும்வரை வெட்டிப் புது லக் போடுங்கள். சூடுபட்ட பழைய லக்கையே புதுக் காண்டாக்டரில் மாட்டினால் அதையும் எரித்துவிடும்.

மூன்று பேஸ் மெஷினில் மூன்று வோல்டேஜையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். 400, 408, 392 என்று வந்தால் சராசரி 400, அதிலிருந்து அதிகபட்ச விலகல் 8, அதாவது 2 சதவீதம். அதற்கு மேல் போனால் ஒரு வைண்டிங் மட்டும் தேவையில்லாமல் சூடாகும். ஒரு பேஸ் முழுதாகப் போயிருந்தால் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு நிற்கும். அப்போது ஃபியூஸையும் காண்டாக்டரின் மூன்று போலையும் பாருங்கள்.

நான்காம் படி: கிளப்பிவிடும் பாகங்கள்

ஒரு பேஸ் கம்ப்ரஸர் தன் பலத்தில் கிளம்பாது. நின்றுபோன வண்டியைத் தள்ளிவிட ஆள் வேண்டியிருப்பதுபோல, ஸ்டார்ட் வைண்டிங்குக்கு முதல் நொடியில் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் ஓர் உந்துதல் கொடுக்கிறது. கிளம்பியதும் ரிலே அதைக் கழற்றிவிடுகிறது. ரன் கெப்பாசிட்டர் மட்டும் ஓட்டம் முழுக்கக் கூடவே இருக்கும்.

ஸ்டார்ட் கெப்பாசிட்டரை முதலில் கண்ணால் பாருங்கள். மேல் மூடியில் சிறிய ரப்பர் அல்லது தகட்டுப் புள்ளி ஒன்று இருக்கும். அது வெடித்துத் திறந்திருந்தாலோ, சுற்றிலும் பிசுபிசுவென்று கசிந்திருந்தாலோ அளக்கவே வேண்டாம். நன்றாகத் தெரிந்தால் டிஸ்சார்ஜ் செய்து, குறுக்கே இருக்கும் சிறு ரெசிஸ்டரின் ஒரு காலை விடுவித்து அளவெடுங்கள். 88–108 மைக்ரோஃபேரட் என்று எழுதியிருந்தால் அந்த இடைவெளிக்குள் வர வேண்டும். ரன் கெப்பாசிட்டரில் ஒரே எண்ணும் பக்கத்தில் 5 சதவீதம் என்பதுபோல் ஒரு விலக்கும் போட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். புதியது அதே மைக்ரோஃபேரட்டாகவும், அதே அல்லது கூடுதல் வோல்ட்டாகவும் இருக்கட்டும்.

கெப்பாசிட்டர் வெடித்திருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். அது விநாடிக் கணக்கில் வேலை செய்யப் படைக்கப்பட்டது. வெடித்திருக்கிறது என்றால் அதை நீண்ட நேரம் சர்க்யூட்டிலேயே விட்டுவைத்தது யார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ரிலே.

வணிக ஐஸ் மெஷின்களில் அதிகம் காண்பது பொட்டென்ஷியல் ரிலே. அதன் 1, 2, 5 என்ற மூன்று முனைகள்தான் நமக்கு வேண்டும். 2க்கும் 5க்கும் நடுவே காயில்; ஆயிரக்கணக்கான ஓம் காட்ட வேண்டும். 1க்கும் 2க்கும் நடுவே காண்டாக்ட். ஓய்வில் மூடியிருக்கும், எனவே பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 1–2 திறந்திருந்தால் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சர்க்யூட்டுக்குள் வரவே வராது, கம்ப்ரஸர் உறுமி நிற்கும். காயில் கட் ஆனாலோ 1–2 ஒட்டிக்கொண்டாலோ கெப்பாசிட்டர் வெளியே வராது: ஆம்பியர் இறங்காது, ஓவர்லோடு விழும், கெப்பாசிட்டர் வெடிக்கும். ஒட்டிக்கொண்ட ரிலேவும் நல்ல ரிலேவும் ஓம் மீட்டரில் ஒரே மாதிரிதான் தெரியும். ஓட்டத்தில்தான் பிடிபடும். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் ஒயரில் கிளாம்ப் மீட்டரைப் போட்டால், கிளம்பிய நொடிக்குப் பிறகு பூஜ்யமாக வேண்டும். ஆகவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

மேடைக்கு அடியில் வைக்கும் சிறிய மெஷின்களில் கரண்ட் ரிலேவோ பி.டி.சி.யோ (சூடானதும் தடை ஏறி ஸ்டார்ட் வைண்டிங்கை விலக்கிவிடும் வில்லை) இருக்கும். கரண்ட் ரிலேயின் காண்டாக்ட் ஓய்வில் திறந்திருக்கும். அதைச் சொன்ன திசையில் நிமிர்த்திப் பொருத்தாவிட்டால் சரியாக வேலை செய்யாது. பி.டி.சி.யைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், கலகலவென்றால் உள்ளே வில்லை உடைந்திருக்கிறது. அது ஆறச் சில நிமிடம் ஆகும். நிறுத்திய உடனே மறுபடி போட்டால் நல்ல மெஷினும் உறுமித்தான் நிற்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் அழுத்தத்தைப் பாருங்கள். ஹாட் கேஸ் வால்வு காயில் கட் ஆகி, அழுத்தம் சமமாகாமலே கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கும் மெஷின்களும் உண்டு. "ஹார்ட் ஸ்டார்ட் கிட்" (கிளம்பக் கூடுதல் உந்துதல் தரும் ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் ரிலேவும் சேர்ந்த செட்) மாட்டினால் ஓடிவிடும் என்பார்கள். ஓடும்தான், ஆனால் வோல்டேஜ் குறைவையும் தேய்ந்த பேரிங்கையும் அது மறைத்துவிடும். சோதனைக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. காரணம் தெரியாமல் நிரந்தரமாக விட்டுப்போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஐந்தாம் படி: வைண்டிங்

இப்போதுதான் கம்ப்ரஸர் முள்ளுக்கு வருகிறோம். மெயின் பூட்டியிருக்க வேண்டும், மூன்று ஒயரும் கழன்றிருக்க வேண்டும். மீட்டரை மிகக் குறைந்த ஓம் நிலையில் வைத்து, முனைகளை ஒன்றோடொன்று தொட்டு அந்த எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். முள்ளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஜோடி ஜோடியாக அளக்கலாம்.

உதாரணத்துக்கு 1.2, 4.1, 5.3 என்று வந்தால் கணக்கு நேராக இருக்கிறது: 1.2 கூட்டல் 4.1 சமம் 5.3. அதிகமாகக் காட்டும் ஜோடி ரன்னும் ஸ்டார்ட்டும், மிஞ்சிய முள் காமன். காமனிலிருந்து குறைவாகக் காட்டுவது ரன். கூட்டல் ஒத்துப்போகாமல் ஏதாவது ஒன்று மிகக் குறைந்தால் வைண்டிங் சுற்றுகள் தங்களுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம். நிறுவனம் தரும் எண்ணோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள். மூன்று பேஸில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக வர வேண்டும்.

கவனமாகப் பார்க்க வேண்டிய ஒரு நிலை உண்டு. ரன்–ஸ்டார்ட் சரியாக 5.3 காட்டுகிறது, ஆனால் காமனிலிருந்து இரண்டு பக்கமும் ஓ.எல்., அதாவது சர்க்யூட் திறந்திருக்கிறது. இது வைண்டிங் கட் ஆனதாகத் தோன்றும். உள்ளேயிருக்கும் ஓவர்லோடு காமன் வழியில்தான் இருக்கிறது. கம்ப்ரஸர் சூடாக இருந்தால் அது விழுந்து கிடக்கிறது என்றுதான் பொருள். அந்தத் தடித்த இரும்பும் எண்ணெயும் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மேலே கை வைத்தால் சுகமாகத் தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகு மறுபடி அளங்கள். நன்றாக ஆறியும் திறந்தே இருந்தால் மட்டும் கம்ப்ரஸர் போய்விட்டது. ஓவர்லோடு வெளியே இருக்கும் மாடல் என்றால் அதைத் தனியாகக் கழற்றி அளந்தால் போதும், மாற்றுவதும் சுலபம்.

ஆறாம் படி: எர்த்

ஒவ்வொரு முள்ளிலிருந்தும் கம்ப்ரஸரின் செம்புக் குழாய்க்கு அளவெடுங்கள். பெயின்ட் மேல் முனையை வைத்தால் எல்லாம் நல்லதாகவே தெரியும், அதனால் குழாயைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில் வையுங்கள். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் கணக்கில் ஏதாவது தெரிந்தாலே அது எர்த் பழுதுதான். ஓ.எல். காட்டுவதால் மட்டும் நல்லது என்றும் சொல்ல முடியாது, அந்த மீட்டர் தரும் வோல்டேஜ் மிகக் குறைவு.

500 வோல்ட் மெக்கர் இருந்தால் தெளிவு கிடைக்கும். நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச மெகா ஓமோடு ஒப்பிடுங்கள். அளவு குறைந்து தெரிந்தால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். நீண்ட நேரம் நின்ற கம்ப்ரஸரில் திரவக் கேஸ் எண்ணெயில் கலந்து கிடந்தாலும் குறையும். கிராங்க்கேஸ் ஹீட்டரை (கம்ப்ரஸர் எண்ணெயைச் சூடாக வைக்கும் ஹீட்டர்) போட்டு வைத்து மறுபடி பாருங்கள். கம்ப்ரஸர் வெற்றிடத்தில் இருக்கும்போது மட்டும் மெக்கர் வைக்கவே கூடாது. உள்ளே மின்பொறி பாய்ந்து நல்ல வைண்டிங்கையும் கெடுத்துவிடும்.

எர்த் ஆனதென்று உறுதியானால் மாற்ற வேண்டியதுதான். புதியதைப் பொருத்தும் முன் எண்ணெயில் அமிலச் சோதனை செய்து, ஃபில்டர் டிரையரையும் மாற்றுங்கள். எரிந்த கரி உள்ளேயே இருந்தால் புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில் போகும். கேஸ் எடுப்பதும் நிரப்புவதும் அதற்குத் தகுதி பெற்றவர் செய்யும் வேலை.

ஓடி ஓடி நிற்கும் கம்ப்ரஸர்

இதில் ஆம்பியரையும் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழி கிடைக்கும். நிற்பதற்கு முன் ஆம்பியர் ஆர்.எல்.ஏ.வைத் தாண்டியிருந்தால் சுமை அதிகம், வோல்டேஜ் குறைவு, அல்லது ரன் கெப்பாசிட்டர் போயிருக்கிறது. சுமை என்றால் கண்டன்சரில் அப்பிய தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும், சுற்றாத ஃபேன், தண்ணீரில் குளிரும் வகையானால் திறக்காத தண்ணீர் வால்வு. மின் பழுதைத் தேடி வந்து தூரிகையோடு வேலையை முடிக்கும் நாட்கள் ஏராளம்.

ஆம்பியர் குறைவாக இருக்கிறது, ஆனாலும் கம்ப்ரஸர் கொதிக்கிறது, ஓவர்லோடு விழுகிறது என்றால் யோசியுங்கள். இந்த வகைக் கம்ப்ரஸர்கள் திரும்பி வரும் குளிர்ந்த கேஸால்தான் தங்களைக் குளிர்வித்துக்கொள்கின்றன. கேஸ் கசிந்து குறைந்தால் வேலையும் குறையும், குளிர்ச்சியும் கிடைக்காது. அப்போது மீட்டரை வைத்துவிட்டுக் கசிவைத் தேடுங்கள்.

சரி செய்த பிறகு

மெஷினை ஓடவிட்டு இரண்டு முழுச் சுற்றாவது நின்று பாருங்கள். உறைய ஆரம்பிக்கும்போது ஆம்பியர் உயர்ந்திருக்கும், தட்டு குளிரக் குளிர மெதுவாக இறங்கும். ஐஸ் உதிரும் கட்டத்தில் ஹாட் கேஸ் வால்வு திறந்ததும் சக்‌ஷன் அழுத்தம் சட்டென்று ஏறும். பலவீனமான கம்ப்ரஸர் அந்த இடத்தில்தான் முக்கும். அதைத் தாண்டி, ஐஸ் விழுந்து, மறுபடி உறைய ஆரம்பித்தால் நம்பலாம். அந்த ஆம்பியர், ஓட்டத்தில் இருந்த வோல்டேஜ், மூன்று வைண்டிங் அளவுகள், மாற்றிய கெப்பாசிட்டரின் எண், தேதி எல்லாவற்றையும் அழியாத பேனாவால் பேனலின் உள்பக்கத்தில் எழுதிவிட்டுக் கவரை மாட்டுங்கள்.